மார்ச் மாதக் குலுக்கலும் ஆவணி மாதக் கல்யாணமும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கரூர். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபோர்மேன். கோவையில் மெக்கானிக்கல் பி.இ. முடித்து, கடன் வாங்கி அமெரிக்கா வந்து, டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் எம்.எஸ். படித்தேன். 2025 டிசம்பரில் படிப்பு முடிந்தது. கடன் 42 லட்சம். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. 2026 பிப்ரவரி முதல், படிப்பு முடித்த மாணவர்கள் வேலை செய்வதற்கான ஓபிடி அனுமதியில், பதினெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். உலோக உதிரிபாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று கேமரா மூலம் கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுகிறோம். முதலாளி அமெரிக்கர், நல்ல மனிதர். ஆனால் எச்-1பி வேலை விசா என்றதும் "ஒரு லட்சம் டாலருக்கு நான் எங்கே போவேன்?" என்று கையை விரித்துவிட்டார். சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் நடத்தும், ஆள் எடுத்து வேறு நிறுவனங்களுக்கு அனுப்பும் ஒரு கன்சல்டன்சி, 3,000 டாலர் கொடுத்தால் தாங்களே என் பெயரை விசாக் குலுக்கலுக்குப் பதிவு செய்வதாகவும், ஐந்து வருட அனுபவம் காட்டி ரெஸ்யூமே தயாரித்துத் தருவதாகவும் சொல்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். மார்ச் குலுக்கலைத் தவறவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதானா? இன்னொன்று: ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. நான் போய் வரலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை வந்து போகட்டும். கன்சல்டன்சிக்குப் பணமும் அனுப்ப வேண்டாம், பாஸ்போர்ட் நகலும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே நகலை அனுப்பியிருந்தால், "என் பெயரில் எதுவும் பதிவு செய்யக் கூடாது" என்று இன்றே மின்னஞ்சலில் எழுதி, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அது நீங்கள் நினைக்கிற காரணம் மட்டுமல்ல.

முதலில் உங்கள் முதலாளியின் பயம். அந்த ஒரு லட்சம் டாலர் 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனத்தில் வந்தது. செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய எச்-1பி மனுக்களுக்கு என்று அறிவித்தார்கள். குடியேற்ற வழக்கறிஞரான என் தொலைபேசி அந்த வாரக் கடைசியில் ஓயவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தவர்கள் பாதி விடுமுறையில் விமானம் ஏறினார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 20 அன்று, குடியேற்றத் துறை விளக்கம் வெளியிட்டது. அமெரிக்காவுக்குள் முறையான தகுதியில் இருப்பவர், இங்கிருந்தபடியே எஃப்-1 என்ற மாணவர் நிலையிலிருந்து எச்-1பி நிலைக்கு மாறுவதற்குப் போடும் மனுவுக்கு இந்தத் தொகை கிடையாது. அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தால் போதும். நீங்கள் இதில்தான் வருகிறீர்கள். முதல் செய்தி ஊரெல்லாம் பரவியது. விளக்கம் வழக்கறிஞர் அலுவலகங்களைத் தாண்டவில்லை. உங்கள் முதலாளியைப் போல எத்தனை சிறு முதலாளிகள் அந்தத் தலைப்புச் செய்தியோடு நின்றுவிட்டார்களோ தெரியாது. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள்.

அவருக்கு உண்மையில் ஆகும் செலவு என்ன? பதிவுக் கட்டணம் 215 டாலர். குலுக்கலில் பெயர் விழாவிட்டால் அதோடு முடிந்தது. விழுந்தால் மனுவுக்கான கட்டணங்கள் வரும். இருபத்தைந்து பேருக்கு மேல் இல்லாத நிறுவனம் என்பதால் அவருக்குப் பெரும்பாலும் குறைந்த விகிதம்: மனுக் கட்டணம் 460, பயிற்சி நிதிக்கு 750, மோசடித் தடுப்புக்கு 500, புகலிடத் திட்டத்துக்கு 300. கூட்டினால் 2,010 டாலர். வழக்கறிஞர் கட்டணம் தனி. ஒரு லட்சத்தை நினைத்துப் பயந்தவரிடம் இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி நீட்டுங்கள். "அதில் பாதியை நான் தருகிறேன்" என்று மட்டும் பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள். பயிற்சி நிதிக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்குவதைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. மற்ற செலவுகளும் நிறுவனத்தின் தொழில் செலவுகள். அவற்றை உங்கள் தலையில் கட்டி, சம்பளம் சட்டம் கேட்கும் அளவுக்குக் கீழே போனால் மாட்டிக்கொள்வது அவர்தான். நம் பிள்ளைகள் நன்றியுணர்ச்சியில் இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

அவருக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் இருக்கிறது. நீங்கள் ஓபிடியில் இருக்கும்வரை, இந்த நாட்டுக்கு மாணவராக வந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் ஆகாதவரை, உங்கள் சம்பளத்துக்கு சமூகப் பாதுகாப்பு வரியும், முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் வரியும் கிடையாது. உங்களுக்கு 7.65 சதவீதம் மிச்சம், அவருக்கும் 7.65 சதவீதம் மிச்சம். பதினெட்டுப் பேர் நிறுவனத்துக் கணக்குப்பிள்ளைக்கு இது தெரியாமலே இருக்கலாம். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் திரும்பக் கேட்க வழி உண்டு.

அடுத்து குலுக்கல். இது ஏன் இப்படி ஆனது என்று உங்கள் அப்பாவுக்குப் புரியவேண்டும். அவர் மனத்தில் இது ஒரு நுழைவுத் தேர்வு. மகள் நன்றாகப் படித்தால் கிடைத்துவிடும். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 பேர் என்று ஓர் எண்ணை எழுதி வைத்தது. கணினித் துறை வீங்கிய காலத்தில் அதை உயர்த்தினார்கள். 2001 முதல் 2003 வரை 1,95,000. பிறகு பழைய எண்ணுக்கே இறக்கினார்கள். 2004-இல் இயற்றிய சட்டம் அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மட்டும் 20,000 கூட்டியது. ஆக 85,000. அந்த எண் அன்றைக்கு நின்றது, இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. அதிலும் 6,800 இடங்களை சிலிக்கும் சிங்கப்பூருக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

2007 ஏப்ரலில் நான் இளநிலை வழக்கறிஞர். அப்போது எல்லாம் காகிதம். ஏப்ரல் 2, திங்கட்கிழமை காலை மனுக்கள் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, வார இறுதி முழுவதும் கூரியர் உறைகளில் முகவரி ஒட்டினோம். இரண்டே நாளில் 1,23,000-க்கு மேல் மனுக்கள் குவிந்து கதவை அடைத்துவிட்டார்கள். நாங்கள் அனுப்பியதில் பாதி உறைகள் சில வாரங்களில் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. உள்ளே இருந்த காசோலையும் அப்படியே. அதே விசாவுக்கு, மந்தநிலை நிலவிய 2009-இல், டிசம்பர் வரை இடம் காலியாக இருந்தது. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் 2007-இல் விண்ணப்பித்தவர்களைவிடத் திறமைசாலிகள் இல்லை. வேலை இல்லாத ஆண்டில் விசா இருந்தது. வேலை இருந்த ஆண்டில் விசா இல்லை. அவ்வளவுதான்.

2020-இல் காகிதம் போய் மின்னணுப் பதிவு வந்தது. கட்டணம் வெறும் பத்து டாலர். பத்து டாலருக்கு ஒரு சீட்டு என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆளுக்கு நான்கு நிறுவனங்கள், ஆறு நிறுவனங்கள் என்று பதிவு செய்தார்கள். 2023 மார்ச்சில் மொத்தப் பதிவு 7,80,884. அதில் நான்கு லட்சத்துக்கும் மேல், ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு உள்ளவர்களுடையது. ஒழுங்காக ஒரே ஒரு பதிவு செய்தவர்களின் வாய்ப்பை விழுங்கியது இந்தக் கூட்டம். மறு ஆண்டே விதியை மாற்றினார்கள். எத்தனை நிறுவனம் பதிவு செய்தாலும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரே சீட்டு. அடுத்த ஆண்டு கட்டணத்தையும் 215 டாலராக உயர்த்தினார்கள். 2025 மார்ச்சில் தகுதியான பதிவுகள் 3,43,981 என்று சுருங்கின, 1,20,141 தேர்வாயின. தேர்வானவர்களில் சிலர் மனுப் போடுவதில்லை என்பதால் 85,000-க்கு மேல்தான் எடுப்பார்கள்.

2026-இல் அதற்கும் மேலே ஒரு திருப்பம். இதுதான் உங்கள் கதையின் மையம், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2025 டிசம்பர் கடைசியில் வெளியாகி, 2026 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, குலுக்கலில் எல்லாருக்கும் ஒரே எடை இல்லை. தொழிலாளர் துறை ஒவ்வொரு வேலைக்கும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நான்கு ஊதிய நிலைகளை வைத்திருக்கிறது. உங்களுக்குத் தரப்போகும் சம்பளம் முதல் நிலையை மட்டும் எட்டினால் குடத்தில் உங்கள் பெயர் ஒருமுறை. இரண்டாம் நிலையை எட்டினால் இரண்டுமுறை. மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு. அரசு முன்வைத்த கணிப்பிலேயே முதல் நிலைக்காரருக்கு வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம், இரண்டாம் நிலைக்கு 30, நான்காம் நிலைக்கு 61.

புதிதாகப் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது அநியாயம் என்பது என் கருத்து. 22 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஊர் மாற வேறு வழிகளும் உண்டு. இங்கேயே படித்து, இங்கேயே கட்டணம் கட்டி, முதல் வேலையில் நிற்கும் பெண்ணுக்கு இந்த ஒரு கதவுதான். பெரிய நிறுவனம் சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து எடையைக் கூட்டிக்கொள்ளும். பதினெட்டுப் பேர் நிறுவனம் என்ன செய்யும்? மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடித்து வாடகைக்கு விடும் தொழில் இதில் அடிபடும். அதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன்.

ஆனால் விதியின் வாசகத்தைக் கவனியுங்கள். அது பார்ப்பது உங்கள் அனுபவத்தை அல்ல. தருவதாகச் சொல்லும் சம்பளம் எந்த நிலையின் கோட்டைத் தொடுகிறது என்பதைத்தான். அந்தக் கோடுகள் ரகசியம் இல்லை. தொழிலாளர் துறையின் இணையதளத்தில் வேலைக் குறியீட்டையும் மாவட்டத்தையும் கொடுத்தால் நான்கு எண்களும் வரும். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவே ஆண்டுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் என்றுகூட வித்தியாசம் இருக்கும். சில வேலைகளில் குறைவாகவும் இருக்கும். நீங்கள் இப்போது கோட்டுக்கு மூவாயிரம் டாலர் கீழே நின்றுகொண்டிருக்கிறீர்களா, பதினெட்டாயிரம் கீழேயா என்பது தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. மூவாயிரம்தான் என்றால், அந்த மூவாயிரத்தைக் கூட்டித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அது இனாம் இல்லை, குடத்தில் இன்னொரு சீட்டு. உங்கள் நிறுவனம் டாலஸ் நகரத்துக்குள் இருக்கிறதா, தள்ளி ஒரு சிற்றூரில் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஊர் மாறினால் கோடும் மாறும். நகரத்தில் முதல் நிலையாக இருக்கும் அதே சம்பளம் சிற்றூரில் இரண்டாம் நிலையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் விளையாடக் கூடாத இடம் ஒன்று உண்டு. வேலைக் குறியீட்டை, கோடு தாழ்வாக இருக்கிறது என்பதற்காக மாற்றிப் போடக் கூடாது. காகிதத்தில் கூட்டிக் காட்டிவிட்டு, பிறகு குறைத்துக் கொடுக்கவும் கூடாது. பதிவில் சொன்னதும் மனுவில் இருப்பதும் சம்பளச் சீட்டில் வருவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இப்போது கன்சல்டன்சி. ஐந்து வருட அனுபவம் என்று பொய் ரெஸ்யூமே போடுவது தவறு என்று உங்களுக்கே தெரியும். தெரிந்ததால்தான் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதன் தண்டனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. குடியேற்றப் பலனுக்காக முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாக ஒருமுறை பதிவானால், அமெரிக்காவுக்குள் நுழையத் தகுதியில்லை என்பது ஆயுள் முழுவதற்கும். மூன்று வருடம், பத்து வருடம் என்று அதற்குக் காலக்கெடு கிடையாது. ஆறு வருடம் கழித்து, சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "2019-இல் நீங்கள் வேலை செய்ததாகச் சொல்லும் நிறுவனம் எந்தத் தெருவில் இருந்தது?" என்று கேட்பார். 2019-இல் நீங்கள் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்திருப்பீர்கள். உங்கள் மாணவர் விசா விண்ணப்பமும் அதைத்தான் சொல்லும்.

ஆனால் நான் முதலில் சொன்ன காரணம் வேறு. பொய் ரெஸ்யூமே வேண்டாம், வெறும் பதிவு மட்டும் செய்யட்டும், இரண்டு பக்கமும் இருக்கட்டுமே என்று உங்கள் சித்தப்பா சொல்லக்கூடும். பழைய விதியில் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. புதிய விதியில் அது உங்களை வெட்டும். ஒருவருக்கு இரண்டு நிறுவனங்கள் பதிவு செய்து, ஒன்று இரண்டாம் நிலை, மற்றது முதல் நிலை என்றால், தாழ்ந்த நிலைதான் எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் முதலாளி கஷ்டப்பட்டு சம்பளத்தை ஏற்றி உங்களுக்கு இரண்டு சீட்டு வாங்கித் தருவார். கன்சல்டன்சி முதல் நிலையில் ஒரு பதிவைப் போட்டு அதை ஒன்றாக்கிவிடும். அதற்கு நீங்கள் 3,000 டாலர் கட்டணமும் கொடுத்திருப்பீர்கள். பாஸ்போர்ட் நகலை அனுப்ப வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். பதிவு செய்ய அந்த எண் வேண்டும்.

அவர்களிடம் ஓபிடியில் சேர்ந்தாலும் ஆபத்துதான். முதல் பன்னிரண்டு மாதத்தில் வேலை இல்லாமல் இருக்க உங்களுக்குக் கொடுத்திருப்பது மொத்தம் 90 நாள். வேலை தராமல் பெஞ்சில் உட்கார வைத்து, "புராஜெக்ட் வரும்" என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் அதில் கழியும். 90 தாண்டினால் உங்கள் மாணவர் தகுதியே போய்விடும். குலுக்கலில் பெயர் விழுந்தாலும் உள்ளிருந்தபடி எச்-1பி நிலைக்கு மாற முடியாது. அப்போது அந்த ஒரு லட்சம் டாலர் உண்மையிலேயே உங்கள் வாசலுக்கு வரும்.

மார்ச் குலுக்கலைத் தவறவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது ஒன்றல்ல, மூன்று. உங்கள் ஓபிடி 2027 பிப்ரவரி வரை. படிப்பு, அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளின் ஸ்டெம் பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். 2029 பிப்ரவரி வரை போகும். 2026 மார்ச், 2027 மார்ச், 2028 மார்ச்: மூன்று குலுக்கல். முதல் நிலையில் ஆண்டுக்கு 15 சதவீதம் என்றே வைத்தாலும், மூன்றில் ஒன்றாவது விழுவதற்கான வாய்ப்பு 100-க்கு 39 வருகிறது. இரண்டாம் நிலையில் 66. இது தோராயக் கணக்கு. விதி மாறும், கூட்டம் மாறும். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் நிறுவனங்கள் ஒரு லட்சத்துக்கு அஞ்சி ஒதுங்கினால் உள்ளே இருக்கும் உங்களுக்கு இடம் கூடவும் செய்யும். 39-ம் 66-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். சம்பளக் கோட்டைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது இதற்காக.

அந்த 24 மாத நீட்டிப்பு தானாக வராது. ஊழியரின் வேலை அனுமதியை அரசிடம் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை திட்டத்தில் முதலாளி சேர்ந்திருக்க வேண்டும். இலவசம்தான், ஆனால் அதன் பிறகு சேர்க்கும் ஒவ்வொருவரையும் அதன் வழியே சரிபார்க்க வேண்டும் என்பதால் சிறு முதலாளிகள் தயங்குவார்கள். நவம்பர் வரை தள்ளிப்போடாமல் இப்போதே பேசிவையுங்கள். பயிற்சித் திட்டப் படிவம் ஒன்றையும் நீங்களும் அவரும் சேர்ந்து நிரப்ப வேண்டும். பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்த ஐ-20 தாளில் படிப்புக்கு நேரே இருக்கும் குறியீட்டு எண்ணைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். டேட்டா சயின்ஸ் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு துறைகள் வெவ்வேறு குறியீட்டில் நடத்துகின்றன. பெயரை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை என்பதால் அந்த 20,000 ஒதுக்கீட்டிலும் உங்களுக்கு இடமுண்டு. லாப நோக்கில் நடக்கும் கல்லூரியில் படித்திருந்தால் அது கிடைத்திருக்காது. மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும்: ஓபிடி என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் எழுதப்பட்டது அல்ல, துறை வகுத்த விதி. அதையும் திருத்தப்போவதாகப் பேச்சு இருக்கிறது. ஆகவே மூன்று குலுக்கல் கையில் இருக்கிறது என்று முதல் குலுக்கலை விட்டுவிடாதீர்கள்.

2026-க்கான பதிவு மார்ச் 4 நண்பகல் தொடங்கி 19 நண்பகல் முடிகிறது. பதினைந்தே நாள். உங்கள் முதலாளி இதுவரை செய்யாதவர் என்பதால் குடியேற்றத் துறையின் தளத்தில் நிறுவனக் கணக்குத் தொடங்கவே ஒரு நாள் போகும். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து கொடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெயர்களால் இங்கே படும் பாடு தனிக் கதை. குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட், அப்பா பெயர் குடும்பப் பெயரான பாஸ்போர்ட், இனிஷியல் விரிந்தது, விரியாதது. என் பெயரைச் சொல்லி என்னை இந்த நாட்டில் அழைத்தவர்கள் குறைவு. பல ஆண்டுகளாக நான் என் அப்பாவாகவே வாழ்கிறேன்.

கடைசியாகக் கல்யாணம். முடிவு மார்ச் 31-க்குள் தெரிந்துவிடும். பெயர் விழவில்லை என்றால் ஆவணியில் தாராளமாகப் போய் வாருங்கள். மாணவர் விசாவின் தேதி முடியாமல் இருக்க வேண்டும். ஓபிடி அட்டை, ஆறு மாதத்துக்குள் கையெழுத்து வாங்கிய ஐ-20, வேலைக் கடிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

விழுந்தால்தான் சிக்கல். ஏப்ரல் 1 முதல் ஜூன் 30-க்குள் மனுப் போட வேண்டும். எச்-1பி நிலை தொடங்குவது அக்டோபர் 1. மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால், உள்ளிருந்தபடி நிலை மாற்றும் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். பிறகு வெளியே இருந்து விசா வாங்கி வரும் வழிதான் மிச்சம். அந்த வழியில்தான் ஒரு லட்சம் டாலர் உட்கார்ந்திருக்கிறது. கட்டணம் கூடுதலாகக் கட்டி விரைவாக ஒப்புதல் வாங்கிவிட்டு, அக்டோபருக்கு முன் போய் வந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வழக்கறிஞர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. 42 லட்சம் கடன் உள்ள ஒருவரை வைத்து அந்தச் சோதனையை நான் செய்ய மாட்டேன்.

அக்டோபர் 1-க்குப் பிறகு, ஐப்பசியிலோ தையிலோ கல்யாணம் என்றால்? சட்டப்படி தடையில்லை. ஆனால் திரும்பி வரச் சென்னையில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் வேண்டும். நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டு வாங்கும் வசதி 2025 செப்டம்பரோடு பெரும்பாலும் போய்விட்டது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள்; அதனால் டிசம்பரில் நேர்காணல் இருந்தவர்களுக்குத் தேதியை மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிவிட்டார்கள். இரண்டு வார விடுமுறையில் போனவர்கள் மாதக்கணக்கில் அம்மா வீட்டு மாடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய நிறுவனம் அதைப் பொறுத்துக்கொள்ளும். உங்கள் முதலாளியால் எத்தனை வாரம் முடியும்?

ஆகவே எனக்குச் சரியாகப் படும் வழி, கல்யாணத்தை முன்னால் இழுப்பது. சித்திரையிலோ வைகாசித் தொடக்கத்திலோ முகூர்த்தம் கிடைத்தால், மாணவர் விசாவிலேயே போய், மே கடைசிக்குள் திரும்பி, ஜூன் முதல் வாரத்தில் மனுவைத் தாக்கல் செய்யலாம். நீங்கள் உள்ளே வந்த பிறகுதான் மனு போகவேண்டும். இதை முதலாளியின் வழக்கறிஞரிடம் அழுத்திச் சொல்லிவையுங்கள். ஏப்ரல் முதல் நாளே தாக்கல் செய்துவிட்டு "வேலை முடிந்தது" என்று மகிழ்கிறவர்கள் எங்கள் தொழிலில் அதிகம்.

மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டாலும் தேதி மாற்றித் தருவார், பெரும்பாலும். பெண் வீட்டாரிடம் யார் பேசுவது என்பதுதான் கடினம். அதில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆனால் மார்ச் 31-க்கு முன்னால் பேச வேண்டாம். விழாத குலுக்கலுக்காக ஒரு முகூர்த்தத்தை மாற்றியதாக ஆகிவிடும்.